புயல் போய் மூன்றாம் மாதம்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அடுத்த சில வாரங்களில் எங்கள் பக்கம், அதாவது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்துக்கு வந்து சேர்ந்த உதவியைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. கோயம்புத்தூர், சேலம், மதுரை, சென்னை என்று எங்கிருந்தெல்லாமோ லாரிகள் வந்தன. அரிசி, பாய், போர்வை, தார்ப்பாய், மெழுகுவர்த்தி, கொசுவத்தி, பிஸ்கட். வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் இடுப்பளவு சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள், ஊர்க்காரர்கள் தங்களுக்கே இல்லாத நேரத்திலும் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அதையெல்லாம் நன்றியோடு நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வாரங்களைப் பற்றி இல்லை. பொங்கல் முடிந்து, லாரிகள் நின்று, டிவிக்காரர்கள் கிளம்பிப் போய், ஊர் முழுக்கத் தேர்தல் கூட்டணிப் பேச்சு ஆரம்பித்த பிறகு வந்த மாதங்களைப் பற்றி. பேரிடரில் குழந்தைகள் கவனிப்பாரில்லாமல் போவது பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. அந்த நேரத்தில் கொடுக்க யாரும் இருப்பதில்லை.

புயல் அடித்த வாரத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒன்றாகத் தங்கியிருந்தார்கள். பொதுவில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். யார் வீட்டுப் பிள்ளை யார் மடியில் தூங்குகிறது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை, ஒரு குழந்தை அழுதால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கூரையில்லாத வீட்டுக்கு அவரவர் திரும்பிப் போன பிறகுதான் நிலைமை மாறியது. அப்போதும் உடனே மாறவில்லை. விழுந்த தென்னை மரங்களை வெட்டி அப்புறப்படுத்துகிற வேலை இருந்தது. மெஷின் வைத்து அறுக்க, துண்டுகளை லாரியில் ஏற்ற, மட்டையை இழுத்துப் போட என்று ஆண்களுக்குக் கூலி கிடைத்தது. கீற்றுக்கு ஏகப்பட்ட தேவை என்பதால் பெண்கள் இரவு பகலாகக் கீற்று முடைந்தார்கள். தை மாதக் கடைசியில் அந்த வேலையெல்லாம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தோப்பில் யாருக்கு என்ன வேலை இருக்கும்? தேங்காய் பறிக்க மரம் இல்லை, உரிக்கக் காய் இல்லை, முடைய மட்டை இல்லை. புதிதாக வைக்கிற நெட்டை ரகக் கன்று காய்ப்புக்கு வர ஐந்திலிருந்து ஏழு வருடம் ஆகும்.

இழப்பீடு வந்ததே என்பீர்கள். வந்தது. சாய்ந்த தென்னைக்கு மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது, மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. அது மரத்துக்குச் சொந்தக்காரருக்கு. அந்த மரத்தில் முப்பது வருடமாக ஏறி இறங்கியவருக்கு மரம் சொந்தமில்லை, அதனால் பட்டியலில் அவர் பெயரும் இல்லை. நிலமுள்ளவர்களுக்கு எங்கள் பக்கம் இன்னொரு வழியும் உண்டு, மொய் விருந்து. ஆடி மாதத்தில் கிடா வெட்டிச் சாப்பாடு போட்டு மொய் வாங்குவார்கள். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் லட்சக்கணக்கில் புரளும். வட்டியில்லாமல் ஒரே நாளில் பணம் திரட்டித் தருகிற அருமையான ஏற்பாடு, எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் வாங்கியதை நோட்டில் எழுதிவைத்து, அவர்கள் விருந்து வைக்கும்போது கூட்டிச் செய்ய வேண்டும். செய்ய முடியாதவர் அந்த வட்டத்துக்குள் வர முடியாது. கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு மொய்யும் இல்லை, மரத்துக்கான இழப்பீடும் இல்லை. திருப்பிக் கேட்காத பணம் எங்கிருந்தாவது வந்தால்தான் உண்டு. தர்மம் என்று நாம் சொல்வதற்கு இங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது.

அப்புறம் என்ன ஆகும் என்பதை ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை விட்டுவிடுகிறேன். அப்பா தேங்காய் பறிப்பவர், மாசி மாதம் திருப்பூருக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு ஊரில் வேலை இல்லை, காலை ஆறு மணிக்கு வேனில் ஏறி வெளியூர் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் ஏழாம் வகுப்பு, கடைசிக்கு ஒன்றரை வயது. வழக்கமாக அங்கன்வாடியில் இருக்க வேண்டிய நடுப்பிள்ளையும் வீட்டில்தான், ஏனென்றால் அங்கன்வாடியின் ஓடு பறந்து கட்டடம் பூட்டிக் கிடந்தது. மூத்தவள் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, ஒரு நாள் இரண்டு நாள் என்று நின்றது அப்படியே தொடர்ந்தது. பன்னிரண்டு வயதுப் பெண்ணால் ஒரு கைக்குழந்தையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? ஒரு தடவை அந்தக் குழந்தையைக் குளத்துப் படியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். தலையெல்லாம் சிரங்கு, மூன்று நாள் காய்ச்சலுக்கு யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. அம்மா ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்கு உலை வைக்க முடியாது.

இதை வெளியிலிருந்து பார்க்கிறவர் என்ன சொல்வார்? "பிள்ளைகளை இப்படிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாளே, இவளெல்லாம் ஒரு தாயா?" என்பார். ஊரிலேயே சிலர் சொன்னார்கள். நான் அந்த அம்மாவோடு பேசியிருக்கிறேன். தன் பிள்ளைகளைப் பற்றி அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. சிரங்கு எப்போது வந்தது, காய்ச்சல் எந்த நேரத்தில் ஏறுகிறது, மூத்தவள் எந்தப் பாடத்தில் பின்தங்கிவிட்டாள் என்று எல்லாம் தெரியும். அவரிடம் இல்லாதது பகல் நேரமும் கையில் காசும்தான்.

இந்த வித்தியாசத்தை நம் சட்டமே ஒப்புக்கொள்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆவது பிரிவில், தன் பொறுப்பில் உள்ள குழந்தையை வேண்டுமென்றே புறக்கணிப்பதற்கும் கைவிடுவதற்கும் தண்டனை சொல்கிறது. அதே பிரிவிலேயே, பெற்றோர் தங்கள் சக்திக்கு மீறிய சூழ்நிலையில் குழந்தையைக் கைவிட்டிருந்தால் அதை வேண்டுமென்று செய்ததாகக் கொள்ளக்கூடாது, தண்டனையும் பொருந்தாது என்று விலக்கும் கொடுக்கிறது. குழந்தையைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. பெற்றோரிடம் வளர முடியாத குழந்தைகளுக்கான மாற்றுப் பராமரிப்பு பற்றி ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்ற வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது: வறுமை மட்டுமே ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதற்குக் காரணமாக இருக்கக்கூடாது, அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை என்பதற்கான அறிகுறியாகவே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் காகிதத்தில் இருப்பது ஊருக்கு வந்து சேர்வதற்குள் வேறு விஷயங்கள் முந்திக்கொள்கின்றன. கஜாவுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பக்கத்து அப்பா ஒருவர் தன் மகனை 36,000 ரூபாய்க்கு வேலைக்கு அடகு வைத்துவிட்டார் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. சிறுவனை மீட்டார்கள். அந்தத் தொகையை நினைத்துப் பாருங்கள். சென்னையில் நம் நண்பர்கள் வட்டத்தில் ஒரு வார இறுதிப் பயணத்துக்குச் சேர்க்கிற பணம். ஒரு தெருவே சேர்ந்தால் ஒரே மாலையில் திரட்டிவிடலாம். அந்தப் பணம் அந்த வீட்டுக்கு ஒரு மாதம் முன்னால் போயிருந்தால், மீட்கப் போக வேண்டிய தேவையே வந்திருக்காது. அந்த அப்பாவை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த நிலைக்கு ஒரு வீடு போய்ச் சேர்வதற்கு முன்னால் தடுத்து நிறுத்த எத்தனையோ இடம் இருந்திருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

வாரக் கடன் இதில் பெரிய பங்கு. எங்கள் பக்கம் அநேகமாக எல்லாக் கூலி வீட்டிலும் பெண்கள் பெயரில் குழுக் கடன் இருக்கும், சில வீடுகளில் மூன்று நாலு கம்பெனிகளில். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அதனால் வசூல் செய்ய வருகிறவருக்குப் பயப்படுவதைவிடப் பக்கத்து வீட்டு அக்காவின் முகத்தைப் பார்க்கத்தான் அதிகம் பயப்படுவார்கள். தவணை நாள் காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு, அல்லது "அம்மா இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டுப் போன பெண்களை எனக்குத் தெரியும். பிள்ளை நாள் முழுக்கத் தனியாகக் கிடப்பதற்குக் கூலி வேலை ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். குழந்தைப் பாதுகாப்பு என்று பேசுகிறவர்கள் கடன் தவணையைப் பற்றிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. பேச வேண்டும். நாங்கள் கொடுத்த பணத்தில் மிகச் சீக்கிரமாகப் பலன் தெரிந்தது எது என்று கேட்டால், சில வீடுகளுக்கு இரண்டு மாதத் தவணையைக் கட்டியதையும் மளிகைக் கடைப் பாக்கியைத் தீர்த்ததையும்தான் சொல்வேன். பாக்கி தீர்ந்ததும் கடைக்காரர் மறுபடி கடனுக்குச் சாமான் கொடுக்க ஆரம்பித்தார். அடுத்த வாரமே அந்த வீட்டில் அம்மா பாதி நாளாவது இருந்தார்.

நாங்கள் என்று சொன்னது ஊரிலிருந்து படித்து வெளியே போன கொஞ்சம் பேர். டிரஸ்ட் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, ஒரு வாட்ஸப் குழுவும் ஒரு நோட்டும்தான். யாருக்குக் கொடுப்பது என்பதை நாங்கள் முடிவு செய்யவில்லை. அங்கன்வாடி டீச்சரும் பள்ளித் தலைமையாசிரியரும் கிராமச் செவிலியரும்தான் சொன்னார்கள். இந்த மூன்று பேருக்கும் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. எந்தப் பிள்ளை நாலு நாளாக வரவில்லை, எந்தப் பிள்ளை எடை குறைந்திருக்கிறது, எந்த வீட்டில் அம்மா மாசமாக இருக்கிறார், எங்கே அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார் என்று வரிசையாகச் சொல்வார்கள். வெளியூரிலிருந்து லாரியோடு வருகிறவர் சாலையோரத்தில் முதலில் நிற்கிறவருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். உள்ளே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெருவுக்கு எதுவும் போவதில்லை. அந்தத் தெரு எந்தச் சாதித் தெருவாக இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. டீச்சரின் நோட்டில் அந்தத் தெருப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பது பெரிய விஷயம்.

பிறகு அந்த வீடுகளில் உள்ள பெண்களிடமே என்ன வேண்டும் என்று கேட்டோம். பதில்கள் நாங்கள் நினைத்தது போல இல்லை. புயலுக்குச் சில வாரம் முன்னால் பிரசவமான ஒரு பெண் எழுந்து நடமாடாமல் படுத்தே கிடந்தார். குழந்தைக்குப் பால் கொடுக்கவும் மனமில்லை. கூரை விழுந்ததைப் பார்த்த அதிர்ச்சி, தூக்கமில்லை, சரியான சாப்பாடு இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் செவிலியர் ஏற்பாடு செய்துவிட்டார். எங்களிடம் அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று: "அம்மாச்சி வந்து ரெண்டு மாசம் கூட இருந்தாப் போதும் தம்பி, நான் எந்திரிச்சிருவேன்." தன்னை வளர்த்த பாட்டியைத்தான் அப்படிச் சொன்னார். பாட்டி அறந்தாங்கிப் பக்கம் இருந்தார். நூறு நாள் வேலைக்குப் போய்ச் சாப்பிடுகிறவர், அதன் கூலி அப்போது அதிகபட்சம் நாளுக்கு 224 ரூபாய். அந்த வருமானத்தை விட்டுவிட்டு வந்து உட்கார அவரால் முடியாது. நாங்கள் கொடுத்தது பாட்டியின் இரண்டு மாதக் கூலியும், அரிசியும், பஸ் செலவும்தான். இது எந்த நிவாரணப் பட்டியலிலும் வராது. இரண்டாவது வாரத்திலேயே அந்தப் பெண் எழுந்து குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார் என்று செவிலியர் போன் செய்தார். இதை எழுதும்போதும் எனக்கு அந்தச் சந்தோஷம் வருகிறது.

குளத்துப் படிக்குப் போன குழந்தையின் வீட்டுக்கும் அந்தத் தெருவில் இருந்த மற்ற வீடுகளுக்கும் தேவைப்பட்டது பணத்தைவிட ஓர் இடம். அங்கன்வாடிக்கு மறுபடி கூரை போட அரசுப் பணம் வருகிறவரைக்கும் சமுதாயக் கூடத்தின் ஒரு பக்கத்தைத் தட்டி வைத்து மறைத்து டீச்சர் அங்கே உட்கார்ந்தார். முட்டையும் சத்துமாவும் அவர் வழியாக அரசாங்கமே கொடுத்தது. அங்கன்வாடி மாலை நாலு மணிக்குள் முடிந்துவிடும், அம்மாக்கள் வர ஏழு ஆகும். அந்த இடைவெளியில்தான் ஆபத்து. அந்த நேரத்துக்கு ஊரிலேயே இரண்டு பெண்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். மூத்த பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். அந்த ஏழாம் வகுப்புப் பெண் பள்ளிக்குத் திரும்பினாள், தாமதமாகத்தான், ஆனால் ஆண்டுத் தேர்வுக்கு முன்னால்.

நன்கொடை கேட்கும்போது இந்தச் சம்பளம்தான் எப்போதும் தகராறு. "பிள்ளைக்குப் போகுமா, சம்பளத்துக்குப் போகுமா?" என்று கேட்பார்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அந்த நேரத்தில் தேவை தன்னைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொள்கிற ஒரு ஆள். அந்த ஆளின் சம்பளம்தான் அங்கே உதவி. நூறு போர்வை வாங்கிக் கொடுத்து அடுக்கி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். மாலை நாலிலிருந்து ஏழு வரை ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் படம் எடுத்தால் அதில் ஒன்றும் தெரியாது. படம் என்றதும் சொல்லிவிடுகிறேன், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை செய்கிறது. பிள்ளைகள் கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துச் சிரிக்கச் சொல்லி ஃபேஸ்புக்கில் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் அது தப்பு.

சரி, பணமாகக் கொடுத்தால் டாஸ்மாக்குக்குப் போய்விடாதா? இதைக் கேட்காதவர் இல்லை. குடி எங்கள் பக்கம் பெரிய துயரம், அதை நான் சின்னதாக்கிப் பேசவில்லை. ஆனால் ஏழைக்குப் பணம் கொடுத்தால் குடித்துத் தீர்ப்பான் என்ற நம்பிக்கையைப் பல நாட்டு ஆய்வுகளை வைத்துச் சரிபார்த்திருக்கிறார்கள். உலக வங்கிக்காக டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் 2014-இல் எழுதிய கட்டுரை, கையில் பணம் கொடுத்தால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடுவதில்லை என்று காட்டியது. கென்யாவில் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலர் நிபந்தனையில்லாமல் கொடுத்ததைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2025-இல் வந்தது. அந்த வீடுகளில் சிசு மரணம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. காரணங்களில் முக்கியமானது, பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் தாய்மார்கள் கடின வேலையை விட்டு ஓய்வெடுக்க முடிந்தது, ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. அறந்தாங்கிப் பாட்டியின் கதையும் இதுதானே? குடிக்கிற அப்பா உள்ள வீட்டில் பணத்தை அம்மா கணக்கிலோ பாட்டி கணக்கிலோ போடுங்கள், ஒரே தடவையாகக் கொடுக்காமல் மாதாமாதம் போடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். நம் மாநில அரசே 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு ரேஷன் கடை வழியாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் ரொக்கமாகத்தான் கொடுத்தது.

இல்லங்களைப் பற்றியும் பேசியாக வேண்டும், சிலருக்கு இது பிடிக்காது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு அரசு இல்லம் நடத்தியது, அது அவசியமாக இருந்தது. அங்கே வளர்ந்த பிள்ளைகளை அப்போது கலெக்டராக இருந்த ராதாகிருஷ்ணன் வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்துவந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே நேரத்தில் குழந்தைகளுக்கு என்று கொட்டிய பணம் பெரும்பாலும் கட்டடத்தைத் தேடியது. கட்டடம் இருந்தால் கட்டில் நிரம்ப வேண்டும். அம்மா உயிரோடு இருந்தும், சோறு போட வழியில்லை என்ற ஒரே காரணத்துக்காக இல்லத்தில் விடப்பட்ட பிள்ளைகள் நம் மாநிலத்தில் எவ்வளவோ பேர். பிறந்தநாளுக்கு அங்கே போய்ப் பிரியாணி போட்டு, கேக் வெட்டிவிட்டு வருகிறோம். நல்ல மனசோடுதான் போகிறோம். ஆனால் அந்த ஒரு வேளை பிரியாணிக்கு ஆகிற செலவு, அதே பிள்ளை தன் வீட்டில் இருப்பதற்குச் சில மாதத்துக்குப் போதும். உண்மையிலேயே யாருமில்லாத பிள்ளைகளுக்கும், வீட்டிலேயே ஆபத்து உள்ள பிள்ளைகளுக்கும் இல்லம் வேண்டும். அவர்களுக்குக் கொடுங்கள். அம்மா உள்ள பிள்ளைக்கு அம்மாவிடம் கொடுங்கள்.

கொரோனாவில் இதே விஷயத்தை இன்னும் பெரிய அளவில் பார்த்தோம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் சின்ன வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. சத்துணவுக்குப் பதில் அரிசி பருப்பு கொடுத்தார்கள், ஆனால் மதியம் ஒரு பெரிய ஆள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற ஏற்பாடு ஒன்றரை வருடத்துக்கு மேல் நின்றுபோனது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தமிழக அரசு 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை அறிவித்தது, 18 வயதில் வட்டியோடு கையில் வரும். அதோடு சொந்தக்காரர் வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு மாதம் 3,000 என்றும் அறிவித்தது. தாத்தா பாட்டி அந்தப் பிள்ளையைத் தங்களோடு வைத்துக்கொள்வார்களா, வேறு எங்காவது அனுப்பிவிடுவார்களா என்பதை முடிவு செய்வது இந்த 3,000தான் என்பது என் எண்ணம்.

இப்போது வேறு திட்டங்களும் இருக்கின்றன. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் நிதி ஆதரவு என்ற பெயரில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய், கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள், நகரத்தில் 96,000-க்குள் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் தமிழக அரசு அன்புக் கரங்கள் என்று மாதம் 2,000 ரூபாய் கொடுக்கிற திட்டத்தைத் தொடங்கியது, பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கிறவர்களுக்கும். வேண்டிய சான்றிதழ்கள், ஆதார், வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோய் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். புயலில் பீரோவோடு காகிதம் எல்லாம் போன வீட்டுக்கு இதற்கே மாதங்கள் ஆகும். தனியார் தர்மம் அரசாங்கத்துக்கு மாற்றாக முடியாது, ஆகவும் கூடாது. ஆனால் விண்ணப்பம் போட்டதற்கும் முதல் பணம் வந்ததற்கும் நடுவில் இருக்கிற மாதங்களைத் தாங்கிப் பிடிக்கலாம், அலைவதற்கு ஒரு ஆளைக் கூட அனுப்பலாம். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் இந்த அலைச்சலை மட்டுமே செய்கிறார். அவருடைய பஸ் செலவுக்குக் கொடுக்கிற பணம் எங்கள் நோட்டிலேயே அதிகம் பலன் தந்த வரி.

ஒரு எச்சரிக்கை. எல்லாப் புறக்கணிப்பும் வறுமையால் வருவதில்லை. பிள்ளையை அடிக்கிறார்கள், தவறாக நடந்துகொள்கிறார்கள், வேண்டுமென்றே பட்டினி போடுகிறார்கள் என்று தெரிந்தால் அங்கே உங்கள் அரிசி மூட்டை உதவாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், குழந்தைகள் நலக் குழு பார்த்துக்கொள்ளும். அதை விசாரிக்கிற வேலை நன்கொடையாளருடையது இல்லை. அதேபோல, பணம் கொடுத்துவிட்டோம் என்பதற்காக வீட்டுக்குள் நுழைந்து பாத்திரத்தைத் திறந்து பார்க்கிற உரிமையும் நமக்கு வந்துவிடாது. யார் நல்ல அம்மா, யார் மோசமான அம்மா என்று மார்க் போட ஆரம்பித்தால் அடுத்த தடவை அவர்கள் கஷ்டத்தை மறைப்பார்கள். அப்போதுதான் பிள்ளைக்கு உண்மையிலேயே ஆபத்து.

டிரஸ்ட் வழியாகக் கொடுப்பவர்கள் வருமான வரிச் சலுகைக்கான ரசீது (80ஜி என்பார்கள்) வாங்கிக்கொள்ளுங்கள், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடைக்காது. கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்றுதான்: பேரிடர் நடந்து ஆறாவது மாதத்தில் உங்கள் ஆட்கள் அந்த ஊரில் இருப்பார்களா? இருப்பார்கள் என்றால் அவர்களுக்குக் கொடுங்கள். முதல் வாரத்தில் கொடுக்க நினைத்த தொகையைப் பாதியாகப் பிரித்து, மீதிப் பாதியை மூன்றாம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கஜாவுக்கு அப்படி வைத்திருந்தவர்கள் எங்கள் குழுவில் மிகச் சிலர், வைத்திருந்த பணம் தேவைக்கு எங்கேயும் எட்டவில்லை.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் ஆரம்பிக்கிறது, பணம் புரட்டாசியிலேயே கையில் இருக்க வேண்டும். அதனால் இப்போதெல்லாம் மழைக்கு முன்பே டீச்சரிடம் போய் நோட்டைப் பார்க்கிறோம். கார்த்திகை, மார்கழியில் யார் யாருக்குப் பிரசவம், எந்த வீட்டில் அப்பா வெளிநாட்டில், எந்தப் பிள்ளைக்குப் பாட்டி மட்டும்தான், யார் கணக்கில் பணம் போட்டால் பிள்ளைக்குப் போய்ச் சேரும் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இந்த வருடம் அதோடு இன்னொன்றும் கேட்டிருக்கிறார். அங்கன்வாடிக்கும் குளத்துக்கும் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு கம்பி வேலியும், பெரியவர்கள் மட்டும் திறக்கிற மாதிரி கேட்டும் வேண்டுமாம். பஞ்சாயத்தில் கேட்டால் அடுத்த நிதியாண்டு என்கிறார்கள். மழைக்கு முன் போட்டுவிட வேண்டும் என்று பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.